வெள்ள நிவாரணக் காணிக்கை: சபையில் திரட்டுவது முதல் கணக்கு ஒப்படைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் எட்டே நாள். அன்றும் மறுநாளும் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஊர் ஊராகப் புகுந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் கிறிஸ்தவச் சபைகளில் பணம் சேருவது கஷ்டமே இல்லை. ஐயர், அதாவது குருவானவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும், காணிக்கைத் தட்டு நிறைந்துவிடும். கோளாறெல்லாம் அதற்கு அப்புறம்தான். யாருக்குக் கொடுப்பது, என்ன வாங்கிக் கொடுப்பது, யார் பெயர் விட்டுப்போனது, மிச்சம் எங்கே போனது என்ற கேள்விகளில்தான் நல்ல நல்ல சபைகள்கூடச் சண்டை போட்டுக்கொள்கின்றன. பல சபைகள் சேர்ந்த சேகரமோ, கத்தோலிக்கப் பங்கோ, நாற்பது குடும்பம் உள்ள தனிச் சபையோ, எதுவானாலும் இந்த வழிகாட்டி பொருந்தும். திரட்டுவதைப் பற்றிக் குறைவாகவும், பட்டியலையும் கணக்கையும் பற்றிக் கூடுதலாகவும் எழுதியிருக்கிறேன்.

1. மழைக்கு முன்பே ஒரு தீர்மானம்

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம்முடைய பேரிடர்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வருகின்றன. சுனாமி 2004 டிசம்பர் 26, சென்னை வெள்ளம் 2015 டிசம்பர் தொடக்கம், ஒக்கி 2017 நவம்பர் கடைசி, கஜா 2018 நவம்பர் 16, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்றதெல்லாம் வடகிழக்குப் பருவமழைக் கணக்கு. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், நட்சத்திரம், கேக், அசனம் என்னும் சபை விருந்து என்று சபை செலவுக்குத் தயாராகிற அதே வாரங்கள்.

ஆகவே செப்டம்பர் கமிட்டிக் கூட்டத்திலேயே மூன்று விஷயங்களைத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். ஒன்று, அவசரம் என்றால் கமிட்டியைக் கூட்டாமல் குருவானவர், செயலர், பொருளாளர் மூவரும் சேர்ந்து எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம் என்ற உச்சவரம்பு. இரண்டு, நிவாரணப் பணத்துக்குத் தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. மூன்று, ஒரு பேரிடருக்கென்று வாங்கிய பணத்தில் மிச்சம் வந்தால் அது எங்கே போகும் என்பது. மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள். அப்புறம் இரண்டு வருஷம் கழித்து, வெள்ளத்துக்கென்று வாங்கிய பணம் காம்பவுண்டு சுவரில் போய் நிற்கும். சுவர் தேவையாகக்கூட இருக்கலாம். ஆனால் கொடுத்தவர் அதற்காகக் கொடுக்கவில்லை.

கேரல் ரவுண்ட்ஸில் சேரும் காணிக்கையில் ஒரு பங்கை வருஷாவருஷம் இந்தப் பேரேட்டில் போட்டு வைக்கலாம். பிடி அரிசி எடுக்கும் பழக்கம் உள்ள சபைகளில் பெண்கள் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே போட்டு, மாதம் ஒருமுறை ஆலயத்தில் சேர்க்கிற அந்தப் பழைய வழக்கம், புயலடித்த அன்றே சமைக்கக் கையில் அரிசி இருக்க வழி செய்யும்.

2. முதல் நாள்: தண்ணீர் உங்கள் ஊரிலா, வேறு ஊரிலா?

இரண்டுக்கும் வேலை வேறு.

உங்கள் ஊரிலேயே என்றால், முதலில் தேவைப்படுவது இடம். ஆலயமோ, பள்ளிக்கூடமோ, சமூகக் கூடமோ மேடான இடத்தில் இருந்தால் திறந்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் தகவல் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை குழந்தைகள், ஒரு கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் என்று எண்ணிக்கையோடு சொன்னால்தான் படகோ ஆம்புலன்ஸோ சரியாக வரும். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சமைத்த சாப்பாடும் குடிதண்ணீரும்தான் நிவாரணம். அசனத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அண்டாவும் அனுபவமும் நம் சபைகளிடம் உண்டு, அதை இங்கே இறக்குங்கள். கழிப்பறைக்கும் பெண்கள் உடைமாற்றும் இடத்துக்கும் ஆள் போட மறக்க வேண்டாம்.

வேறு ஊரில் என்றால், முதல் நாளே லாரி கிளப்பாதீர்கள். வாலிபர் சங்கத்துக்கு இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அறுந்துபோன சாலையில் இன்னொரு வண்டி நிற்பது மீட்புக்காரர்களுக்குத் தொல்லை. அந்த ஊரின் குருவானவரையோ பங்குத்தந்தையையோ போனில் பிடித்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்று என்ன வேண்டும், அடுத்த வாரம் என்ன வேண்டும், எது இனி வேண்டாம்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் அதிகம் உதவும்.

3. அறிவிப்பு

ஞாயிறு ஆராதனையில் உருக்கமாகப் பேசுவது எளிது. தெளிவாகப் பேசுவதுதான் முக்கியம். இதோ ஒரு மாதிரி:

“வருகிற இரண்டு ஞாயிறுகளிலும் இரண்டாம் காணிக்கை தாமிரபரணிக் கரை வெள்ள நிவாரணத்துக்கு எடுக்கப்படும். வழக்கமான காணிக்கை இதில் சேராது. இந்தப் பணத்தில் ஒரு பகுதி உடனடிச் சாமான்களுக்கும், மீதி மூன்று மாதங்களுக்குள் தொழில் உதவிக்கும் போகும். மிச்சம் இருந்தால் அடுத்த பேரிடருக்கென்று அதே பேரேட்டில் இருக்கும். கணக்கு ஜனவரி கடைசி ஞாயிறு வாசிக்கப்படும்.”

எதற்கு, எவ்வளவு நாள், மிச்சம் எங்கே, கணக்கு எப்போது. இந்த நான்கும் வந்துவிட்டால் அறிவிப்பு முடிந்தது. கத்தோலிக்கப் பங்குகளில் ஆயர் (பிஷப்) இல்லத்திலிருந்து சுற்றுமடல் வந்து மறைமாவட்டம் முழுவதும் ஒரே ஞாயிறில் திரட்டுவதுண்டு. அப்போது அந்தத் தொகை மறைமாவட்டத்துக்கே போக வேண்டும். பங்குக்குள் இருக்கும் சிறு குழுக்களான அன்பியங்கள் தனியாகத் திரட்டினால் அதையும் இதையும் கலக்காதீர்கள்.

கியூஆர் அட்டை ஒட்டுகிறீர்களா? அது ஆலயத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும். “இப்போதைக்குப் பொருளாளர் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க” என்று ஆரம்பித்தால் பொருளாளர் எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும் அவர் சொந்தப் பணமும் சபைப் பணமும் ஒரே குட்டையாகிவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றும் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தால் என்ன பெயர் வர வேண்டும் என்பதையும் ஆராதனையில் சொல்லிவிடுங்கள். வெள்ளம் வந்த மறுநாளே போலிக் கணக்குகளும் வந்துவிடுகின்றன.

வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரோடு வாசிக்கவும் வேண்டாம். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றுவது ஒரு குதூகலம், அது அந்த இடத்துக்குச் சரி. நிவாரணத்தில் அந்தப் போட்டி வந்தால், நூறு ரூபாய் வைத்திருக்கும் கிழவி தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

4. எண்ணுவதும் செலுத்துவதும்

எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையில் பணம் திரட்டிய பவுல், அதை ஒரு ஆள் கையில் கொடுத்துவிடவில்லை. தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்பினார். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார்: இவ்வளவு பெரிய தொகையில் யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் நாங்கள் சரியாக நடக்க வேண்டும். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. “எங்க சபையில எல்லாரும் விசுவாசிங்க, இதெல்லாம் எதுக்கு” என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

நடைமுறை இதுதான். ஆராதனை முடிந்ததும், அன்றே, ஆலய அறையிலேயே எண்ண வேண்டும். மூன்று பேர், ஒரே குடும்பத்தவராக இல்லாமல். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பத்து இருபது ஐம்பது என்று பிரித்து அடுக்கி, ஐந்நூறு ரூபாய்த் தாள் எத்தனை, நூறு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்து. கவரில் வந்ததற்குக் கவர் மேலேயே தொகையைக் குறித்துக் கவரையும் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை வங்கி திறந்ததும் முழுத் தொகையும் உள்ளே போக வேண்டும். அதிலிருந்து டீசலுக்கு இரண்டாயிரம் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டுவது வேண்டவே வேண்டாம். செலவு செய்ய வேண்டுமானால் கட்டிவிட்டு, காசோலை போட்டு எடுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து.

5. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

இங்கேதான் பல சபைகள் தெரியாமல் மாட்டுகின்றன. துபாயில், டொராண்டோவில், சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்தியைப் பார்த்ததும் “அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க அங்கிள்” என்பார்கள். அன்போடு கேட்கிறார்கள். நீங்கள் உடனே அனுப்பிவிடாதீர்கள்.

எஃப்சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்லும் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. பதிவு பெற்றவர்களுக்கும் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் குறிப்பிட்ட கணக்கு வழியாகத்தான் முதலில் வர வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பதிவு உள்ள பெரிய அமைப்பிடம் வாங்கி நம் சபைக்குத் திருப்பிவிடலாம் என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

சரி, யாரிடம் வாங்கலாம்? இந்தியக் குடியுரிமை உள்ளவர், அதாவது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் துபாயில் இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். அவர் இந்தியாவில் உள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். “எங்க அம்மா கணக்குல போடுறேன், அவங்க உங்களுக்குத் தருவாங்க” என்ற குறுக்குவழிக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இருக்கும் அவருடைய சபை வழியாகவோ, எஃப்சிஆர்ஏ பதிவுள்ள நிவாரண அமைப்புக்கு நேரடியாகவோ கொடுக்கச் சொல்லுங்கள். பணம் எப்படியும் வெள்ளம் வந்த ஊருக்குப் போய்விடும், உங்கள் சபை வழியாகப் போகாது, அவ்வளவுதான்.

வருமான வரிச் சலுகை பற்றி ஒரு பத்தி. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் நன்கொடைச் சலுகை சபைக் காணிக்கைக்குப் பொதுவாகக் கிடைக்காது, ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கான அமைப்புகளுக்கு அந்தப் பதிவு இல்லை. சலுகை முக்கியம் என்பவர் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கோ பதிவுள்ள சமூக சேவைச் சங்கத்துக்கோ வங்கி வழியே கொடுக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை, பொருளாகக் கொடுத்தால் அறவே இல்லை, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை.

6. பொருளா, பணமா?

பணம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜனங்கள் பொருள் கொடுக்கத்தான் விரும்புவார்கள், அதனால் பொருளுக்கும் விதி வேண்டும்.

முதல் விதி, பழைய துணி வாங்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் போன பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததை அன்றைய செய்திகளைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடு இழந்தவர்கள் கந்தலைப் பொறுக்கத் தயாராக இல்லை, அது அவர்கள் உரிமை. புது நைட்டி, லுங்கி, துண்டு, உள்ளாடை என்று அளவு எழுதிப் பாக்கெட்டாக வரட்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையும் வேண்டாம். மருந்து மருத்துவர் கையால்தான் போக வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் ஒருமுறை மனதால் நடந்து பாருங்கள். சுவரில் இடுப்புயரத்தில் ஒரு சேற்றுக்கோடு. தரையில் கணுக்கால் வரை வண்டல். மெத்தை ஊறிப் பாரமாகி நாலு பேர் தூக்க வேண்டும். கேஸ் அடுப்பின் பர்னரில் மண். அரிசி மூட்டை நொதித்து நாறுகிறது. பள்ளிக்கூடப் பையில் நோட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கிறது. இந்த வீட்டுக்கு இருபதாவது பிரெட் பாக்கெட் எதற்கு? மண்வெட்டி, தென்னந்துடைப்பம், பக்கெட், பிளீச்சிங் பவுடர், ரப்பர் செருப்பு, தார்ப்பாய், பாய், போர்வை, கொசுவலை, டார்ச், நாப்கின். அடுப்பு பழுது பார்க்கிறவரையும் எலக்ட்ரீஷியனையும் ஒரு நாள் கூலிக்குப் பேசிக் கூட்டிப் போனால், தெருவே உங்களை நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, அரிசி பருப்பைக் கூடியவரை பாதிக்கப்பட்ட ஊருக்குப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்குங்கள். ஏரல் கடைத்தெருவே மூழ்கியபோது கடைக்காரரும் பாதிக்கப்பட்டவர்தான். வெளியூரிலிருந்து இலவசச் சாமான் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தால் அவர் எப்படி மறுபடி கடை திறப்பார்?

7. பட்டியல்

எல்லா வேலையிலும் கடினமானது இது.

ஆதித் திருச்சபையில் வந்த முதல் பெரிய முறுமுறுப்பே நிவாரணப் பட்டியலைப் பற்றித்தான். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் புகார் சொன்னார்கள். அப்போஸ்தலர்கள் அதை மழுப்பவில்லை, ஏழு பேரைத் தனியாக நியமித்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே வேலை ஒப்படைக்கப்பட்டதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

நம் ஊரிலும் இதே கதை. சுனாமி நிவாரணம் மீனவக் குப்பங்களில் குவிந்தபோது, கடல்நீர் ஏறிய வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், உப்பங்கழிகளில் மீன், நண்டு பிடித்துப் பிழைத்த இருளர்களும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. கஜாவில் சாய்ந்த தென்னைக்கு மரக்கணக்கில் இழப்பீடு வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருந்தவருக்கு அது போதாது, சந்தேகமில்லை. அதே தோப்பில் தேங்காய் பறித்தவருக்கும் மட்டை உரித்தவருக்கும் சொந்தமாக ஒரு மரமும் இல்லை, அதனால் இழப்பீடும் இல்லை. 2023 வெள்ளத்தில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் அட்டைக் கணக்கில்தான் போனது. அட்டை இல்லாத வாடகைக் குடும்பம், புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோரை எந்தப் பட்டியலில் தேடுவது?

சபை சரியாகச் செய்த பட்டியல் ஒன்றும் நம் கண்முன் உண்டு. ஒக்கி அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். யார் எந்தப் படகில் போனார், யார் திரும்பவில்லை என்று பெயர் பெயராகப் பங்குகள் திரட்டிய பட்டியல்தான் அரசிடம் கேள்வி கேட்க மக்களுக்குக் கிடைத்த ஆதாரம். வீடு வீடாகத் தெரிந்த ஒரு அமைப்பால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சபைப் பதிவேட்டை மூடி வையுங்கள். அதில் இருப்பவர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெருவை நாலாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக, ஒரு பெண் கட்டாயம் இருக்கும்படி, எல்லா வீட்டுக்கும் போகட்டும். இந்து வீடு, முஸ்லிம் வீடு, நம் சபையை விட்டுக் கோபித்துக்கொண்டு போன வீடு, எல்லாமே. கேட்க வேண்டியவை குறைவுதான்: வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எதுவரை வந்தது, சம்பாதிப்பவர் யார், அவருடைய தொழிலுக்கு என்ன ஆனது, வேறு யார் என்ன கொடுத்தார்கள், படுக்கையில் இருப்பவர் உண்டா, என்ன ஆவணம் போனது. சொந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாடகைக்காரர் பெயரையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள், பின்பக்கம் போய் வாடகைக்காரரையே பாருங்கள். கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: “நாங்க யாரையாவது விட்டுட்டோமா?” பட்டியலில் நாலில் ஒரு பங்கு இந்தக் கேள்வியில் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எழுதி முடித்த பட்டியலைத் தேவைப்படி மூன்றாகப் பிரியுங்கள். வீடோ தொழிலோ மொத்தமாகப் போனவர்கள், சாமான் போனவர்கள், தண்ணீர் வந்து வடிந்தவர்கள். எல்லோருக்கும் சமமாக ஒரே பை என்பது சண்டையைத் தவிர்க்கும், தேவையைத் தீர்க்காது. பிரித்துக் கொடுத்தால் இரண்டு நாள் திட்டு வாங்க வேண்டியிருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். யார் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் குழுவில், தன் உறவினர் பெயர் வரும்போது அந்த உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும். இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

8. கொடுக்கும் நாள்

மைக் செட், பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். முன்நாளே டோக்கன், நேரம் எழுதி. வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே. பணமாகக் கொடுப்பதானால் வங்கிக் கணக்கில், முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் கணக்கில்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பையின் ஒரு முனையை ஐயரும் மறு முனையை ஒரு பாட்டியும் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்க்கும் படம் கணக்குக்கு ஆதாரம் ஆகாது. கையெழுத்தும் பில்லும்தான் ஆதாரம். குவித்து வைத்த சாமான்களைப் படமெடுங்கள், முகங்களை விடுங்கள்.

பிரசங்கத்தையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1876 முதல் 78 வரை, மிஷன் சங்கங்கள் கஞ்சித் தொட்டி வைத்து உயிர்களைக் காப்பாற்றின. அதையொட்டித் திருநெல்வேலிப் பக்கம் பெருங்கூட்டமாக ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அவர்கள் பேரப்பிள்ளைகள் வரை துரத்தியது. உதவிக்குப் பின்னால் உள்நோக்கம் இருந்ததோ இல்லையோ, வாங்கியவர்தான் அந்த ஏச்சைச் சுமந்தார். செஞ்சிலுவைச் சங்கமும் பிற தொண்டு அமைப்புகளும் 1994இல் வகுத்த நடத்தை நெறியும் இதையே சொல்கிறது, உதவியை மதக் கொள்கை பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று. கிறிஸ்தவ அமைப்புகளும் அதை ஏற்றிருக்கின்றன. பைக்குள் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். யாராவது தானாகவே ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள்.

9. உங்கள் சபைக்கு முடியாது என்றால்

சின்னச் சபைகள் எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டியதில்லை. கத்தோலிக்கத் தரப்பில் 1962இல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியாவும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கங்களும் இருக்கின்றன. கோட்டாரிலும் தூத்துக்குடியிலும் உள்ள சங்கங்களுக்குக் கடற்கரை அனுபவம் நிறைய. சீர்திருத்தச் சபைகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் சேர்ந்து நடத்தும் காசா (CASA) என்ற நிவாரண அமைப்பு 1947இல், பிரிவினை அகதிகளுக்கு உதவுவதற்காகவே தொடங்கப்பட்டது. பங்கிலேயே வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், வாராவாரம் ஏழை வீடுகளுக்குப் போகிற அவர்களிடம் பாதிப் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். பெரிய அமைப்புக்குக் கொடுக்கும்போது எந்தப் பேரிடருக்கு என்று கடிதத்தில் எழுதி, ரசீதிலும் அதே வார்த்தைகள் வரும்படி கேளுங்கள்.

10. மூன்றாம் மாதம்

வந்த தொகையில் பாதியையாவது முதல் மாதத்தில் தொடாதீர்கள் என்பது என் கட்சி. டிசம்பரில் ஊரே உதவி செய்யும். பிப்ரவரியில் கேமராவும் போயிருக்கும், லாரியும் போயிருக்கும், வாழைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வந்து நிற்கும். தையல் மெஷின், டீக்கடைப் பாய்லர், இட்லி வண்டி, நாலு ஆடு, வலை, சைக்கிள் என்று தொழிலுக்கான உதவி அப்போதுதான் பொருந்தும். என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். கடைக்கு அவரையே கூட்டிப்போய், அவர் தேர்ந்தெடுத்ததற்கு நீங்கள் பணம் கட்டுங்கள். ஆவணம் தொலைந்தவர்களுக்கு ஆதார், ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் நகல் வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத் துணைக்குப் போவதற்குச் செலவு அதிகமில்லை, பலன் அதிகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது கட்டணத்துக்கும் சீருடைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கல்லூரி முதல் வருஷத்தை வெள்ளத்தால் விட்ட பெண்பிள்ளை பெரும்பாலும் திரும்பப் போவதில்லை.

11. கணக்கு ஒப்படைப்பது

சொன்ன ஞாயிறில், சொன்னபடி. வந்தது எவ்வளவு, எந்தெந்த வழியில், போனது எவ்வளவு, எத்தனை குடும்பத்துக்கு, எந்தெந்த வகையில், இருப்பு எவ்வளவு. போக்குவரத்துக்கும் டீசலுக்கும் ஆனதைச் சாமான் விலையோடு சேர்த்து மறைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். தொண்டர்கள் சாப்பிட்ட பிரியாணிக்கு யார் பணம் கொடுத்தார் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள், பதில் தாளிலேயே இருக்கட்டும். வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கமிட்டிக் கோப்பில் இருக்கட்டும், கேள்வி உள்ளவர் கமிட்டி முன்னால் வந்து பார்க்கலாம்.

கணக்குத் தாளை ஆலய அறிவிப்புப் பலகையில் குறைந்தது ஒரு மாதம் விட்டுவையுங்கள். உதவி போன ஊரின் குருவானவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அங்கே வந்து சேர்ந்ததும் இங்கே எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று அவர்தான் சொல்ல முடியும். வித்தியாசம் இருந்தால் அடுத்த ஞாயிறே திருத்தி வாசியுங்கள்.

கடைகளில் மெஷினில் கிழித்துத் தரும் பளபளப்புத் தாள் பில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிப்போகும். தணிக்கையாளர் வரும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் குத்தி, வவுச்சர் எண் எழுதி வையுங்கள்.